கொண்டெய்னருக்கு முதல் தலைக்கணக்கு

அன்புள்ள தம்பி,

சூடானுக்கு உடுப்பும் பால்மாவும் சேர்த்து ஒரு கொண்டெய்னர் அனுப்பப் போவதாக எழுதியிருந்தீர். அந்த எண்ணத்தை விட்டுவிடும் என்றுதான் சொல்லப் போகிறேன். கோபிக்காமல் வாசியும்.

வணங்காமண் கப்பல் உமக்கு நினைவிருக்காது. வன்னிப் போருக்குள் அகப்பட்ட சனத்துக்கென்று புலம்பெயர்ந்த சனம் பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்பிய சாமான். 2009 யூனில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பிவிட, கப்பல் சென்னைக் கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. உள்நாட்டுப் போரில் சாமானை விடத் தட்டுப்பாடு அனுமதிக்குத்தான். நிவாரணம் பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடு போகவேண்டும் என்பது 1991இல் ஐ.நா. பொதுச்சபை போட்ட தீர்மானத்திலேயே உண்டு. குண்டு போடுகிற அரசிடமே போய் வழி கேட்கவேண்டும் என்றால் வேறென்ன நடக்கும்?

அனுமதிக்கும் முதல் ஒரு சண்டை இருக்கிறது, கணக்குச் சண்டை. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று அரசு சொல்ல, ஐ.நா. ஆட்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். "போகாதேங்கோ" என்று சனம் வாசலை மறித்து நின்று கெஞ்சியது. வெளியாட்கள் போனபிறகு எண்ணிச் சொல்ல யார்? அடுத்த பெப்ரவரியில், போருக்குள் அகப்பட்டிருந்த சனம் என்று அரசு சொன்ன கணக்கு சுமார் 70,000 பேர். களத்தில் நின்ற அரச அதிகாரிகளே மூன்று இலட்சத்துக்கு மேல் என்று எழுதினார்கள். அதற்கு மேலிடத்தில் ஏச்சும் வாங்கினார்கள். 70,000 பேருக்கு அளந்த மாவும் பருப்பும்தான் கப்பலேறும். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே 2,80,000 பேர் அளவில். சனத்தை வெளியேற விடாமல் தடுத்து வைத்திருந்த புலிகளின் பங்கையும் நான் மறைக்கப் போவதில்லை.

அந்த நேரம், சனம் ஒதுங்கிக் கிடந்த முல்லைத்தீவுப் பக்கத்துப் புதுமாத்தளன் கரைக்கு வந்தது செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஒன்றுதான். அதுவும் கரையோடு அணைய முடியாது. மீன்பிடிப் படகுகளில் காயக்காரரை ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்க் கப்பலில் தூக்கிவிட்டு, அதே படகுகளில் சாப்பாட்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டு வருவார்கள். பெப்ரவரியிலிருந்து மே 9 வரை காயக்காரரும் துணைக்குப் போனவர்களுமாகக் கிட்டத்தட்ட 14,000 பேர் அப்படி உயிர் தப்பினார்கள். அந்தப் படகோட்டிகளின் பெயர்களை எந்த அறிக்கையிலும் நான் காணவில்லை.

இனி உம்முடைய சூடானுக்கு வருவோம். 2024 பெப்ரவரியில், சாட் நாட்டிலிருந்து சூடானின் மேற்கே உள்ள டார்பூருக்குள் போகும் அட்ரே எல்லைப் பாதையை இராணுவத் தரப்பு அடைத்தது. ஓகஸ்டில்தான் திறந்தார்கள். அதே மாதம் டார்பூரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த சம்சம் முகாமில் பஞ்சம் என்று ஐ.பி.சி. என்ற சர்வதேச உணவுப் பாதுகாப்பு அமைப்பின் நிபுணர்கள் அறிவித்தார்கள். இராணுவ அரசு என்ன செய்தது தெரியுமா? பஞ்சமே இல்லை என்றது; டிசம்பரில் அந்தக் கணக்கெடுப்பிலிருந்தே விலகிக்கொண்டது. மற்றப் பக்கம், இராணுவத்தோடு சண்டை பிடிக்கிற ஆர்.எஸ்.எப். என்ற துணைப்படை டார்பூரின் எல் பாஷர் நகரைச் சுற்றிவளைத்து, கடலை எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை, மாட்டுக்குப் போடுவதை, மனிசர் தின்னும் நிலைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே காசைச் சேரும். ஊருக்குள்ளேயே பொதுச் சமையலறை நடத்துகிற ‘அவசரகால உதவி அறைகள்’ என்ற தொண்டர் குழுக்களுக்கு அது போகட்டும், ஐ.நா. லொறி போகாத தெருக்களிலும் அவர்களுடைய அடுப்பு எரிந்திருக்கிறது. பக்கத்துச் சந்தையில் தானியம் கிடைக்கும்போது உம்முடைய பால்மா துறைமுகத்தில் கிடந்து வாடகைக் கணக்கை ஏற்றவேண்டியதில்லை.

உங்கட எம்பிக்கும் எழுதும். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதினால் அனுதாபக் கடிதம் ஒன்று திரும்பி வரும். அட்ரே பாதையை நிரந்தரமாகத் திறந்து வைக்கவும், கணக்கெடுப்பவர்களை இரண்டு தரப்பும் உள்ளே விடவும் உங்கள் அரசு என்ன செய்தது, எப்போது செய்தது என்று கேளும். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பும்.

அன்புடன்,
அண்ணன்