வீட்டுக்கு முதல் சொம்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வீடியோவைத் தம்பி அனுப்பினான். குடியாத்தமே தெருவில் நிற்கிறது, அந்த வெயிலைப் பார்க்கவே ஏக்கமாக இருந்தது, இங்கே மெல்போர்னில் குளிர் தொடங்கிவிட்டது.

இங்கே எங்கள் வீட்டில் சிலிண்டர் கிடையாது, கேஸ் குழாயில் வருகிறது. அடுப்பு, வெந்நீர், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாம் அதில்தான். போன குளிர்காலத்தில் வந்த பில்லைப் பார்த்துவிட்டு ராத்திரி ஹீட்டரை அணைத்து, பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் படுக்கவைத்தேன். இத்தனைக்கும் உலகத்திலேயே அதிகமாகக் கேஸ் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இதுவும் ஒன்று.

நீ விடியற்காலையில் பால் கறந்ததும், சொசைட்டிக்குக் கேனைத் தூக்குவதற்கு முன்னால் எங்களுக்கென்று ஒரு சொம்பு எடுத்து வைப்பாயே, கையில் காசே இல்லாத மாதத்திலும் அதை நீ விட்டதில்லை. இங்கே கிழக்குப் பக்க மாநிலங்களில் அந்தச் சொம்பை எடுத்து வைக்காமலே கேனைத் தூக்கிவிட்டார்கள். குயின்ஸ்லாந்தில் கர்டிஸ் தீவு என்று ஒன்று, அங்கே மூன்று ஆலைகள். கேஸை மைனஸ் 161 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகி 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், அதைக் கப்பலில் ஏற்றி ஜப்பான், கொரியா, சீனா என்று அனுப்புகிறார்கள். 2015 வாக்கில் கப்பல்கள் கிளம்ப ஆரம்பித்தன, அப்புறம் வெளிநாட்டு விலைதான் எங்கள் விலையும்.

2017-ல் அரசாங்கம் விழித்துக்கொண்டது. உள்ளூருக்குத் தட்டுப்பாடு வருமென்று தெரிந்தால் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். உக்ரைன் போரில் விலை எகிறியபோது, 2022 டிசம்பரில், கம்பெனிகள் மொத்தமாக விற்கும் கேஸுக்கு ஒரு கிகாஜூலுக்கு (இங்கே கேஸை அளக்கும் அலகு அது) 12 டாலர் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். சரி, ஆனால் இதெல்லாம் கேன் போனபின் ஓடிப்போய்க் கேட்பது மாதிரிதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2006-லேயே, ஏற்றுமதித் திட்டங்கள் 15 சதவீதக் கேஸை உள்ளூருக்கு ஒதுக்க வேண்டும் என்று கொள்கை வகுத்துவிட்டார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தினால் புதுக் கிணறு தோண்ட யாரும் பணம் போடமாட்டார்கள் என்று கம்பெனிகள் சொல்கின்றன. அங்கேயிருந்து இன்றைக்கும் கப்பல் போய்க்கொண்டுதானே இருக்கிறது! மண் இந்த நாட்டுடையது, இங்கே குளிரில் கிடக்கும் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் பங்கு என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், உன் சொம்பைப் பற்றியும் அதில் சொல்லியிருக்கிறேன். அப்பாவை மதிய வெயிலில் கடைக்கு அனுப்பாதே. ஞாயிறு போன் செய்கிறேன்.

உன் மகள்