வெள்ளி மை செப்புத் தகடு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கடத்தும் மையைக் கொண்டு வீட்டு அச்சுப்பொறியிலேயே மின்சுற்றுப் பலகை தயாரிப்பது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழக்கமான முறையில் செய்வதுபோல், செப்புப் படலம் ஒட்டிய பலகையில் வேண்டாத செம்பைப் பெர்ரிக் குளோரைடு என்ற வேதிக்கரைசலில் அரித்துவிட்டு, அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்று விழிக்க வேண்டியதில்லை எனக் கட்டுரையாளர் மகிழ்வது நியாயமே. செப்புப் பலகைக்கு இனி இதுவே மாற்று என்று அவர் முடித்திருப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

வெள்ளி செம்பைவிடச் சிறந்த கடத்தி என்பது உண்மை. ஆனால் மையில் இருப்பது கெட்டி வெள்ளி அன்று. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நுண்துகள்கள். மேலும், வழக்கமான பலகையில் செப்புப் படலத்தின் தடிமன் 35 மைக்ரோமீட்டர் என்றால், இங்க்ஜெட் அச்சுப்பொறி படியவைக்கும் மை பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 10 சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட செப்புத் தடத்தின் (மின்சாரம் பாயும் கோட்டின்) மின்தடை ஏறத்தாழ 0.05 ஓம். அதே தடத்தை மையில் அச்சிட்டால், அதை அகலத்துக்குச் சமமான 100 சதுரங்களின் வரிசையாகக் கொள்ளலாம்; சதுரத்துக்கு 0.2 ஓம் தடையுள்ள மையில் அது 20 ஓம் ஆகிவிடும். 20 மில்லிஆம்பியரில் எரியும் எல்இடிக்கு இதனால் நேரும் 0.4 வோல்ட் இழப்பு பெரிதில்லை. அரை ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கோ தடத்திலேயே 10 வோல்ட் போய்விடும் என்று கணக்கு வருவதால், 5 வோல்ட் இணைப்பில் அது சுற்றவே சுற்றாது.

பாகங்களைப் பொருத்துவது பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. பாகங்களை உருகிய உலோகத்தால் பற்றவைக்கும் சால்டரிங் முனையின் சூட்டில், மை அச்சிட்ட காகிதம் கருகும். அதைத் தாங்கும் தளமாக இருந்தாலும், உருகிய அந்த ஈயப்பற்று மெல்லிய வெள்ளிப் படலத்தைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். ஆகவே கடத்தும் பசையையோ நாடாவையோதான் நாட வேண்டியிருக்கிறது.

இம்முறை முற்றிலும் புதியது என்பதும் சரியன்று. இரண்டாம் உலகப் போர்க்கால வெடிகுண்டுத் தூண்டிகளிலேயே (குண்டை வெடிக்கச் செய்யும் கருவிகளிலேயே) பீங்கான் தகட்டில் வெள்ளி மைச் சுற்றுகள் அச்சிடப்பட்டன. இன்றைய கணினி விசைப்பலகைகள் பலவற்றின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளிலும் அதே மைதான். சூடேற்றாமல், சாதாரண இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அச்சிட முடியும் என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தினரும் பிறரும் 2013இல் காட்டியதுதான் உண்மையான புதுமை. உணரிகள், தொடு பொத்தான்கள், வகுப்பறைச் செயல்முறைகள் ஆகியவற்றுக்கு அது மிகவும் ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஈரப்பதமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நகர்ந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும். எனவே, வீட்டு மின்னிணைப்பில் நேரடியாகச் சேரும் எந்தச் சுற்றையும் இம்முறையில் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையை, மாணவர்கள் விரும்பிப் படிக்கும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர் ஒருவர்