ஆக்சில் பிரீதரையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓடையிலும் வெள்ள நீரிலும் ஜீப் வகை வண்டிகளை இறக்குவது பற்றி எழுதுகிறவர்கள் என்ஜினை மட்டுமே நினைக்கிறார்கள். ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) மாட்டச் சொல்கிறார்கள். ஆக்சிலுக்குள் இருந்து சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பற்றி ஒரு வரி கூடக் காணோம். என்ஜினில் தண்ணீர் புகுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆக்சிலில் புகுந்தால் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேரிங் ஊளையிடத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களான கிரவுன் வீலையும் பினியனையும் துரு தின்றிருக்கும்.

ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்குக்குள் கியர் ஆயிலுக்கு மேலே இருப்பது காற்று. வண்டி ஓட ஓட அது சூடேறி விரியும். அதை வெளியே விடத்தான் ஹவுசிங்கின் தலையில் சிறிய மூடியோடு பிரீதர் வைத்திருக்கிறார்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் நடப்பது இதற்கு நேர் எதிர். 80 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 30 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளே 2 லிட்டர் காற்று இருந்தால் சுமார் 280 மில்லி அளவுக்கு வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். பிரீதர் நீருக்குள் திறந்து கிடந்தால் தண்ணீரை இழுக்கும். சேற்றில் அடைத்துப் போயிருந்தால் உள்ளே 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) அளவுக்கு வெற்றிடம் உண்டாகும். அரை மீட்டர் ஆழ நீரின் அழுத்தம் இதில் பாதி கூட வராது. சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு எண்ணெயை உள்ளே நிறுத்தி வைக்க அமைந்தது; உள்ளிருந்து இழுத்தால் அது விலகித் தண்ணீருக்கு வழி விடும். எனவே முழங்கால் ஆழம்தானே என்று அலட்சியமாக இறங்கக் கூடாது. இறங்கும் முன் சிறிது நேரம் நிறுத்தி ஆக்சிலை ஆறவிடுவது எந்த வண்டிக்கும் நல்லது.

தீர்வு எளிது: பிரீதரைக் கழற்றி, அந்த இடத்தில் ஹோஸ் பொருத்தி, அதன் வாயை உயரத்துக்குக் கொண்டுபோவது. ஆனால் இதைச் செய்பவர்களில் பலர் பழைய மூடியை அப்படியே விட்டு அதன் மேல் ஹோஸைச் சொருகிவிடுகிறார்கள். பல பிரீதர்கள் ஒருவழி வால்வு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அது இருக்கும்வரை ஹோஸ் எவ்வளவு உயரம் போனாலும் வெற்றிடம் தீராது, தண்ணீர் சீல் வழியாக வந்துகொண்டே இருக்கும். வால்வு போயே ஆக வேண்டும்.

கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ் போட்டுக் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் அது நேராகக் கியர் மேல் விழும். அடுத்து மரையைச் சரிபார்க்க வேண்டும். குழாய் மரையில் இரண்டு வகை உண்டு: 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) அங்குலத்துக்கு 28 மரை, 1/8 என்பிடி (அமெரிக்க அளவு) 27. இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறான ஃபிட்டிங் முதல் இரண்டு சுற்று சுலபமாக ஏறி, பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஹவுசிங் மரை போய்விடும். பழைய பிரீதரை மரை கேஜில் வைத்துப் பார்த்த பிறகே ஃபிட்டிங் வாங்குங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம், அதன் நூல் பிய்ந்து துளையை அடைக்கும். மரையில் திரவ சீலன்ட் ஒரு துளி போதும். ஆக்சில் மேலே எழும்பும்போது தரைத்தகட்டில் இடிக்கும் இடமென்றால் நேர் ஃபிட்டிங் உதவாது. ஹோஸைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், உள்ளே துளையுள்ள பான்ஜோ போல்ட்டும் இரு பக்கமும் செம்பு வாஷரும் போடுங்கள்.

ஹோஸ் 6 அல்லது 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பெட்ரோல் ஹோஸாக இருக்கட்டும். சிலிக்கான் ஹோஸ் எண்ணெய் பட்டால் ஊறித் தளர்ந்து மடிந்துவிடும்.

எவ்வளவு நல்ல ஹோஸானாலும் கொண்டுபோகும் வழி தவறினால் வீண். ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குத் தாவும் இடத்தில் பிரேக் ஹோஸுக்குப் பக்கத்திலேயே விடுங்கள். அங்கே அசைவுக்கு வேண்டிய தளர்வு எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதும் நான்கு விரல் அளவாவது தளர்வு மிஞ்ச வேண்டும். சைலன்சர் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்பிரிங் மூன்றையும் விட்டு விலகியிருக்கட்டும். வழியில் எங்கும் தொய்வு கூடாது. தொய்ந்த இடத்தில் எண்ணெய்த் துளிகள் தேங்கினால் அதுவே அடைப்பு. முன் ஆக்சிலுக்கு ஃபயர்வாலின் (என்ஜின் அறைக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டின்) மேல் விளிம்பும், பின் ஆக்சிலுக்குப் பின்விளக்கின் பின்புறமும் ஏற்ற இடம். நுனியைக் கீழ்நோக்கி வளைத்துச் சிறிய பெட்ரோல் ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் கொண்டுபோய்ச் சொருக வேண்டாம். என்ஜினின் உறிஞ்சல் எண்ணெய் ஆவியை இழுக்கும்.

கியர்பாக்ஸ், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில் எல்லாவற்றையும் ஒரே குழாயில் இணைக்கும் கிட்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு ஹோஸ் கல்லில் சிக்கி அறுந்தால் நான்குக்கும் தண்ணீர் போக வழி கிடைத்துவிடும். தனித்தனி ஹோஸே மேல்.

வேலை முடிந்ததும் நுனியில் வாயால் ஊதிப் பாருங்கள், தடையின்றிப் போக வேண்டும். கம்ப்ரஸர் காற்றை விடவே கூடாது, சீல் பிதுங்கிவிடும். ஃபில்டர் சேற்றில் அடைத்தாலும் அதே கதைதான்: சூட்டில் அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் வழியும்.

ஏற்கெனவே நீரில் இறங்கிய வண்டியை இரவு முழுதும் நிறுத்தி, காலையில் முதலில் ஊற்றும் பிளக்கைத் திறந்து, பிறகு வடிக்கும் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, தனியாகத் தங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும். கசியும் பழைய சீலை பிரீதர் ஹோஸ் குணப்படுத்தாது, அதையும் மாற்றியாக வேண்டும்.

மழைக்காலத்தை ஒட்டி நீங்கள் வெளியிடும் வண்டிப் பராமரிப்புக் குறிப்புகளில் பிரீதரையும் ஆக்சில் ஆயிலையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு சக்கர இயக்க வண்டிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்