ஆளைக் குறைத்தோம், போஸ்ட்டைக் குறைக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைச் சிறுவர் கால்பந்துப் போட்டிகளைப் பற்றித் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் தூத்தூர் வரை துறைக்கொரு கோப்பை நடப்பதையும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், பூவாரிலிருந்து பிள்ளைகள் வந்து ஆடுவதையும் பெருமையோடு எழுதியிருந்தீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் செய்தியோடு வந்த படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு கோலி (கோல்கீப்பர்) கையை உயர்த்திக் குதிக்கிறான். அவன் விரல் நுனிக்கும் மேல் கம்பத்துக்கும் நடுவே ஒரு பந்து தாராளமாக நுழையும்.

சிறுவர் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம், என்று நோட்டீஸ் அடிக்கிறோம். பதினொன்று ஏழாகியிருக்கிறது, மாற்றம் அதோடு முடிந்தது. கோல் போஸ்ட் பெரியவர்களுக்கான அதே 24 அடி அகலம், 8 அடி உயரம். பந்து அதே 5-ம் எண். தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் முறையும் அப்படியே. நான் உடற்கல்வி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் பெரும்பாலும் ஏதாவது ஒரு மைதானத்தில் விசிலோடு நிற்பவள். இந்த ஏற்பாட்டில் ஆட்டம் எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். அணியில் ஒருவனுக்கு மட்டும் வயதுக்கு மீறிய கால் பலம் இருக்கும். (அவனுடைய வயதுச் சான்றிதழ் வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) பந்து அவனிடம் வந்ததும் கோட்டுக்கு வெளியிலிருந்து ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக எழும்: "தூக்கி அடிலே மக்கா!" அவனும் பாதி மைதானத்திலிருந்து தூக்கி அடிப்பான். கோலியின் தலைக்கு மேலே போய்ப் பந்து வலையில் விழும். மற்ற ஆறு பேர் அதுவரை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோப்பை வீட்டுக்கு வருகிறது. பந்தை நிறுத்தவும், திரும்பவும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தரவும் தெரிந்த பிள்ளைகள் வருவதில்லை.

இதே பிள்ளைகள் சாயங்காலம் கடல்சுவர் ஓரம் தாங்களாகவே ஆடும்போது போய்ப் பாருங்கள். ரெஃபரி கிடையாது. இரண்டிரண்டு செருப்புதான் போஸ்ட், நடுவே நாலு எட்டு வைக்கும் இடைவெளி. கோலி இல்லை. பந்து முட்டிக்கு மேலே போனால் கோல் செல்லாது. அதற்காக ஒரு சண்டை நடக்கும், நான் அந்த வழியாகப் போனால் "டீச்சரே, நீங்க பாத்தியளா?" என்று சாட்சிக்கும் கூப்பிடுவார்கள். ஒரு பக்கம் ஆறு கோல் ஏறிவிட்டால், "நீ இங்க வாலே" என்று ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். தாமதமாக வந்து நிற்கிறவனுக்கும் இடம் உண்டு. இன்னொருத்தன் வரும்வரை காத்திருப்பான், வந்ததும் பக்கத்துக்கு ஒருவராகச் சேர்ந்துகொள்வார்கள். ஆட்டம் சமமாக இருந்தால்தான் ருசி என்பது போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ள வேண்டாம். ஜெர்மன் கால்பந்து சங்கம் 2024-25 பருவத்திலிருந்து நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது ஏறக்குறைய இதைத்தான். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று, நான்கு குட்டி கோல்கள், கோலி இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. இங்கிலாந்தில் பத்து வயதுப் பிரிவினருக்கு ஏழுக்கு ஏழுதான், நம்மைப் போலவே. ஆனால் களம் 60 கஜத்துக்கு 40 கஜம், கோல் 12 அடிக்கு 6 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் கோலி காப்பது 192 சதுர அடி, அந்த ஊர்க் கோலி காப்பது 72. அமெரிக்காவில் கோல் கொஞ்சம் பெரிது, 18.5 அடிக்கு 6.5 அடி. ஆனால் பன்னிரண்டு வயது வரை பந்து 4-ம் எண்ணுக்கு மேல் போகாது, எட்டு வயது வரை 3-ம் எண்தான். எட்டு வயதுக்குட்பட்டோர் நாலுக்கு நாலு ஆடுகிறார்கள், அதில் கோலியும் இல்லை, ஆஃப்சைடும் (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) இல்லை.

அமெரிக்கர்களின் ஏழுக்கு ஏழில் நம் மணலுக்கு மிகவும் பொருந்துவது ஒரு கோடு. கோலுக்கு முன்னே கட்டமாகப் போடும் பெனால்டி ஏரியாவுக்கும் நடுக்கோட்டுக்கும் சரிபாதியில் குறுக்கே போடுகிறார்கள். கோலி கையில் பந்து இருக்கும்போதும், கோல் கிக் எடுக்கும்போதும் எதிரணி முழுக்க அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோலி பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கவும் கூடாது. உருட்டித் தரலாம், எறியலாம், கீழே வைத்து பாஸ் கொடுக்கலாம். ஆஃப்சைடும் அந்தக் கோட்டிலிருந்துதான் கணக்கு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் சுண்ணாம்பால் கோடு கிழித்து இதை ஆட விட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் குழப்பம்தான். பின்வரிசையில் நிற்பவனுக்குப் பந்து காலில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கோலியிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு மெதுவாகத் தலை நிமிர்ந்தது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தான். அதுவரை அவன் வேலை பந்து வந்தால் எட்டி உதைத்து அப்புறப்படுத்துவது மட்டுமே.

தலையால் அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015 நவம்பரில் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் ஹெடர் செய்வதைத் தடை செய்வதாக அறிவித்தது. வேண்டுமென்றே தலையால் அடித்தால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை). மூளை அதிர்ச்சி குறித்துப் பெற்றோர் நீதிமன்றம் போன பிறகு வந்த முடிவு அது. இங்கிலாந்தும் 2024-25 முதல் படிப்படியாகப் பதினோரு வயதுப் பிரிவு வரை இதைத் தடை செய்து வருகிறது. நாமோ ஈர மணலில் உருண்டு தண்ணீர் குடித்த பழைய 5-ம் எண் பந்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் நெற்றிக்குக் கார்னரிலிருந்து அனுப்பிவிட்டு, அவன் கண்ணை மூடிக்கொண்டால் "பயப்படாதல!" என்று கத்துகிறோம். புதுப் பந்தே 5-ம் எண் என்றால் 410 முதல் 450 கிராம். 4-ம் எண் 350 முதல் 390 கிராம். கடையில் இரண்டும் ஒரே கொக்கியில்தான் தொங்குகின்றன.

நாக்-அவுட் முறைதான் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல். காலையில் ஆட்டோ பிடித்துப் புது ஜெர்சியோடு ஓர் அணி வருகிறது. பாதிக்குக் கால் மணி நேரம், ஆட்டம் முடிந்தது, தோற்றாயிற்று. மிச்ச நாள் முழுக்க வேலி ஓரம் ஐஸ் குச்சியோடு நிற்பதுதான். அதிலும் வெளியே உட்கார்ந்த மூன்று பிள்ளைகள் களத்துக்குள் கால் வைக்கவே இல்லை. ஜெயிக்க வேண்டுமே, மாற்றவா முடியும்? அமெரிக்க விதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி நேரமாவது ஆட்டம் தர வேண்டும். இங்கிலாந்தில் பதினோரு வயதுப் பிரிவு வரை லீக் பட்டியலை வெளியிடுவதே கிடையாது. நான் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. கோப்பை இருக்கட்டும், மைக்கில் பெயர் சொல்லட்டும், வந்த அணிக்கு மூன்று ஆட்டமாவது கிடைக்கட்டும். நான்கு அணி கொண்ட பிரிவுகளாகப் பிரித்தால் அது தானாக நடக்கும்.

இடம் இல்லை என்பார்கள். இடம் இல்லாததால்தான் சொல்கிறேன். வள்ளவிளையிலும் இரவிபுத்தன்துறையிலும் கடலரிப்பு தின்றது போக மிஞ்சிய மணல் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். நாலுக்கு நாலு ஆட 30 கஜ நீளமும் 20 கஜ அகலமும் போதும். கோயில் முற்றத்தில் முடியும். 110-க்கு 70 கஜ முழு மைதானம் கிடைத்தால், நடுவில் பத்துப் பத்து கஜம் விட்டு எட்டுக் களங்கள் போடலாம், 22 பேர் ஆடும் இடத்தில் 64 பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். வரிசையில் நின்று முறைக்குக் காத்திருந்து, கடைசியில் அண்ணன்மார் வந்து துரத்திவிடும் பெண் பிள்ளைகளுக்கும் பந்து காலில் படும்.

ஒரு கமிட்டி அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "போஸ்ட்ட சின்னதாக்குனா கோல் விழாது டீச்சரே, கோல் விழலன்னா ஆளு நிக்காது, ஆளு நிக்கலன்னா எவன் பரிசு தருவான்?" என்றார். களத்தையும் சேர்த்துச் சுருக்கும்போது கோல் வாய்க்கு எல்லோரும் பக்கம் வந்துவிடுகிறார்கள், கோல் விழத்தான் செய்யும். ஓரத்தில் நின்ற இன்னொருவர் கேட்டது இன்னும் கூர்மை: "இந்த விதியெல்லாம் பாத்தா நம்ம பயலுவ இந்தியாவுக்கு ஆடுனான்?" நியாயமான கேள்வி. இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணிக்கு ஆடினார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்கும் இந்தக் கரையிலிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கரையில் பந்து கற்றவர்கள் யாரைக் கேட்டாலும், முதலில் சொல்வது செருப்பு போஸ்ட்டையும் அஞ்சுக்கு அஞ்சையும்தான். 24 அடி போஸ்ட்டுக்கு முன் நின்றது பிறகு வந்தது. இப்போது எட்டு வயதிலேயே கோப்பைக்கு அனுப்பி, அந்த மணல் வருடங்களைத்தான் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

செலவைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. கிழிந்த வலைக்கு நம் ஊரில் பஞ்சமா? நான்கு கம்பும் இரண்டு குறுக்குக் கம்பும் போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: நகர்த்தக்கூடிய போஸ்ட்டைப் பின்பக்கம் மணல் மூட்டை வைத்து அசையாமல் கட்ட வேண்டும். பிள்ளைகள் மேல் கம்பத்தில் தொங்குவார்கள். கட்டாத போஸ்ட் கவிழ்ந்து பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

"ஃபிஃபா ரூல் அப்படித்தானே" என்று சொல்பவர்களுக்காக ஒன்று. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியமே, சிறுவர் ஆட்டத்துக்குக் களத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோலின் அளவு, ஆட்ட நேரம், வெளியே போனவர் மீண்டும் உள்ளே வருவது ஆகியவற்றை அந்தந்த நாட்டுச் சங்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் 2018-ல் சிறுபிள்ளைகளுக்கான பேபி லீக் தொடங்கியது. ஆகவே அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தேவைப்படுவது நம் கிளப்புகளும் தேவாலயப் பங்குப் பேரவைகளும் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது. இல்லையென்றால் பொழியூரில் ஒரு பந்து, நீரோடியில் ஒரு பந்து என்று பிள்ளைகள்தான் திண்டாடும்.

மே மாத நோட்டீஸ்கள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கமிட்டிகள் அதில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்: பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பந்து 4-ம் எண், போஸ்ட் 12 அடிக்கு 6 அடி, ஹெடர் இல்லை, பதிவு செய்த எல்லோருக்கும் பாதி நேர ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம். தங்கள் மாவட்டப் பக்கத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், நானே கத்தரித்துக் கிளப் கிளப்பாக ஒட்டிவிடுகிறேன். மலையாளத்தில் எழுதிக் கொடுக்க எங்கள் பள்ளியிலேயே ஆள் இருக்கிறார்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
நித்திரவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.