பெயர் எழுதிய டிஸ்க் வீடு திரும்பட்டும்: சிங்கப்பூர் டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

வார இறுதியில் மடக்குக் கூடையையும் டிஸ்க் பையையும் தூக்கிக்கொண்டு புல்வெளி தேடிப் போகிற எல்லோருக்கும் இந்த மடல். ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிஸ்க் எனும் பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிதல்களில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் சேர்ப்பதுதான் டிஸ்க் கோல்ஃப். தமிழ் பேசுகிற நாம் இந்த ஆட்டத்தில் இன்னும் சிறு கூட்டம்தான். ஒருவருக்கொருவர் முகம் தெரியும். ஆகவே வெளியே பேசுவதற்கு முன் நமக்குள் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அண்மையில் பழைய டிஸ்க் விற்கிற ஒருவரிடம் ஓர் ஆரஞ்சு நிற டிரைவரை, அதாவது தொலைதூர எறிதலுக்கான டிஸ்க்கை, கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் நன்றாகவே இருந்தது. திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது உட்குழிவில் மங்கலான நீலக் கறை. ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். பெயர் போய்விட்டது. ஆனால் தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் விளிம்பை ஒட்டிய மடிப்பில் துணி எட்டாமல் தப்பியிருந்தன. யாரோ ஒருவர் மார்க்கர் பிடித்து நிதானமாக எழுதிய எண். "கீழே கெடந்துச்சு, எடுத்தேன், அவ்வளவுதான்" என்றார் விற்க வந்தவர். அவர் குரலில் தயக்கமே இல்லை. விசாரித்துப் பார்த்தால் நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம் என்று தெரிகிறது. கண்டெடுத்தவருக்கே சொந்தம், தொலைத்தவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று.

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டமும் ஒப்புக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைப் பற்றியது. கீழே கிடக்கும் பொருளை எடுப்பவரைப் பற்றி அதில் தனி விளக்கமே இருக்கிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காகவோ பாதுகாத்து வைப்பதற்காகவோ எடுத்தவர்மேல் குற்றம் இல்லை. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், அவரைத் தேடாமல், அவர் வந்து கேட்கப் போதிய அவகாசமும் தராமல் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். 1871இல், சிங்கப்பூரும் அடங்கியிருந்த அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமாக இந்தியாவைப் பின்பற்றி எழுதப்பட்ட தொகுப்பின் வழி வந்தது இது. டிஸ்க்கின் உள்பக்கம் பெயரும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும்போது "வழி தெரியவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பிளாஸ்டிக் தட்டுக்காகப் போலிஸுக்குப் போகச் சொல்லவில்லை. நாம் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுவதைச் சட்டம்கூட அப்படித் தள்ளவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. போட்டி விதியில் தேடுவதற்கு 3 நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் டிஸ்க் தொலைந்ததாகக் கணக்கு, ஓர் எறிதல் அபராதம். "அப்போதே தொலைந்துவிட்டதாக அவரே ஒத்துக்கொண்டாரே" என்று ஒரு நண்பர் வாதாடினார். அந்த 3 நிமிடம் பின்னால் வரும் குழுவைக் காக்க வைக்காமல் ஆட்டத்தை நகர்த்துவதற்கான ஏற்பாடு. டிஸ்க் யாருடையது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையில் அதே விதிப் புத்தகம்தான், ஆடுகிற ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனி அடையாளம் எழுதியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். "இருபது, முப்பது வெள்ளிதானே, வேறு வாங்கிக்கொள்ளட்டும்" என்று அவர்கள் சொல்வது அறியாமையால்தான். டிஸ்க் தேயத் தேய அதன் பறத்தல் மாறும். கடையில் வாங்கியபோது, வலக்கைக்காரரின் வழக்கமான புறங்கை எறிதலில், கடைசியில் இடப்பக்கம் முரட்டுத்தனமாக இறங்கிய டிரைவர், மரத்திலும் சிமென்ட்டிலும் அடிபட்டு அடிபட்டு, நேராகப் போகக் கற்றுக்கொள்ளும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் திரும்பி நீண்ட வளைவு எடுக்கும். அதே அச்சு (மாடல்), அதே பிளாஸ்டிக், அதே எடையில் புதிது வாங்கினாலும் அது அப்படிப் பறக்காது. மரங்களுக்கு நடுவே இருக்கிற குறுகலான சந்துக்கு என்று ஒருவர் வைத்திருக்கும் அந்த ஒரு டிஸ்க், அவர் கையால் பல மாதம் எறிந்து எறிந்து உருவானது. எடுத்தவருக்கு அது பழைய தட்டு. விற்றால் பத்து வெள்ளிகூடத் தேறாது. தொலைத்தவருக்கோ அந்தக் குறுகலான வழியையே இனி வேறு விதமாக ஆட வேண்டியிருக்கும். கூடையும் சங்கிலியுமாக இந்த ஆட்டத்துக்கு உருவம் கொடுத்த எட் ஹெட்ரிக் 2002இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவரது சாம்பலைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். இந்த வட்டத்தில் மனிதர்கள் ஒரு டிஸ்க்மேல் எவ்வளவு பிரியம் வைக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் ஊரில் தொலைந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நாம் இல்லை. புல் வெட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், கால்வாய் சுத்தம் செய்கிறவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். லாலாங் புல்லுக்குள் போன என் மஞ்சள் டிஸ்க்கைத் தேடி அடுத்த வாரம் போனபோது, புல்வெட்டி இயந்திரத்தைத் தோளில் மாட்டியிருந்த ஓர் அண்ணன் கூப்பிட்டார். மன்னார்குடிப் பக்கம் அவருக்கு. டிஸ்க் வேலியில் பத்திரமாகச் செருகியிருந்தது. "பிளேடு படறதுக்குள்ள பாத்துட்டேன் சார். எடுத்து வெச்சுக்கலாம்னா பயமா இருக்கு. திருடிட்டான்னு சொல்லிட்டா? அதான் எல்லார் கண்ணுக்கும் படட்டும்னு வேலியில வெச்சேன்" என்றார்.

பெர்மிட்டில் வேலை செய்கிற ஒரு மனிதர், பொருளைத் தொட்டால் தன் பிழைப்புக்கே வினை வருமோ என்று அஞ்சிக்கொண்டு, அப்படியும் அதைக் காப்பாற்றி வைக்கிறார். நாம் டிஸ்க்கில் கிறுக்கி வைப்பதோ ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரும் பிடிஜிஏ எனும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் உறுப்பினர் எண்ணும். அந்த எண்ணை வைத்து இணையத்தில் பெயரைத் தேடலாம் என்பது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து என் டிஸ்க் எல்லாவற்றிலும் "இது என்னுடையது. எடுத்தால் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள், நன்றி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். சீனமோ வங்காளமோ எழுதத் தெரிந்த நண்பர் இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படிக் காப்பாற்றித் தருகிறவருக்கு ஒரு குளிர்ந்த 100 பிளஸ் பானம் வாங்கிக் கொடுத்து, நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள்.

எழுதுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். விளிம்பின் வெளிப்பக்கம் எழுதினால் கையும் மண்ணும் உரசி ஒரே மாதத்தில் போய்விடும். உட்குழிவில் தட்டையான இடத்தில் எழுதுங்கள். வழவழப்பான விலை கூடிய பிளாஸ்டிக்கில் மை நிற்பது கடினம். நம் ஊர் வியர்வையும் மழையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். மங்கும்போது அதன் மேலேயே திரும்ப எழுதுங்கள். எண் மாற்றியவர்கள் பழைய டிஸ்க்கை மறந்துவிடுகிறார்கள், அதுவும் நடக்கிறது.

இப்போது எடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில், எடுக்கவே வேண்டுமா என்று சுற்றிப் பாருங்கள். புல்வெளியின் நடுவில் பளிச்சென்று கிடக்கிற டிஸ்க் தொலைந்ததாக இருக்காது. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ எறிந்துவிட்டு நடந்து வந்துகொண்டிருப்பார். குரல் கொடுத்துக் கேளுங்கள். பூங்காவுக்கு வந்த சின்னப் பிள்ளைகள் ஃப்ரிஸ்பீ என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினால் கத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஓர் எறிதல் சொல்லிக்கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் இல்லை, எடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றே செய்தி அனுப்புங்கள். இந்த இடத்தில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்று யாரும் எடுப்பதில்லை. மோசடிக்கு அஞ்சி ஸ்கேம்ஷீல்டு செயலி போட்டு, சந்தேகம் என்றால் அதன் உதவி எண்ணான 1799க்கு அழைக்கச் சொல்லிப் பழக்கப்பட்டிருக்கிறோம். "உங்கள் பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று மொட்டையாக அனுப்பினால் அவர் உங்களை முடக்கிவிடுவார், அதில் தப்பும் இல்லை. டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, எந்தப் பூங்காவில் எந்த இடத்தில் கிடந்தது என்று எழுதி, உங்கள் பெயரையும் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இணைப்பு எதுவும் அனுப்பாதீர்கள். பணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "நான் செலவழித்து வந்தேன், ஐந்து வெள்ளியாவது கொடுங்கள்" என்று கேட்டவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கேட்கவே சங்கடமாக இருந்தது. கொடுக்கிறவர் தானாக ஒரு கோப்பி வாங்கித் தந்தால் சந்தோஷமாகக் குடியுங்கள், அது வேறு.

வந்து வாங்கிக்கொள்வது உரியவர் பொறுப்பு. எடுத்தவர் வீட்டுக்கோ அவர் வழக்கமாகப் போகிற வழிக்கோ அருகே போய் வாங்குங்கள். பீஷான், தோபி காட் மாதிரி தடங்கள் சந்திக்கிற எம்ஆர்டி நிலையத்தில் கட்டண வாயிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கைமாற்றிக்கொண்டால் யாருக்கும் கூடுதல் காசு இல்லை. வேண்டாத டிஸ்க் என்றால் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி பதில் போடுங்கள். செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது எடுத்தவரைச் சங்கடத்தில் நிறுத்துகிறது. ஃபின்லாந்து, அமெரிக்கா என்று வெளிநாட்டு எண்கள் எழுதிய டிஸ்க்கும் கிடைக்கும். அவர்களுக்கும் எழுதுங்கள். பெரும்பாலும் "புதிதாக ஆடுகிற யாருக்காவது கொடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

பெயரே இல்லாத டிஸ்க்? குழுவில் அறிவியுங்கள், முழுப் படமும் போடாமல். இடத்தையும் தேதியையும் மட்டும் சொல்லிவிட்டு, நிறம், அச்சு, முத்திரை இவற்றை உரிமை கோருகிறவர் சொல்லட்டும். ஒரு மாதம் கழிந்தும் யாரும் கேட்காவிட்டால் கற்றுக்கொள்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடலாம். கார் பின்பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் வெயிலில் டிஸ்க் வளைந்து போகும். அப்புறம் திருப்பிக் கொடுத்தும் பயன் இல்லை.

தேடுவதைப் பற்றி ஒரு வேண்டுகோள், இதில் எனக்கு உண்மையாகவே பயம் இருக்கிறது. தண்ணீரில் விழுந்த டிஸ்க்குக்காக இறங்காதீர்கள். நீர்த்தேக்கங்களில் இறங்கித் துழாவ அனுமதி இல்லை. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2012இலிருந்து காலாங் ஆறு சிமென்ட் கால்வாயை விட்டுப் புல்லும் கல்லுமாக ஓடுகிறது. பார்க்க முழங்கால் அளவுதான். மேலே எங்கோ பெய்த மழையில் அது சட்டென்று ஏறும். எச்சரிக்கை விளக்கும் ஒலிபெருக்கியும் அங்கே வைத்திருப்பது அதற்குத்தான். பெரிய சாக்கடைக் கால்வாய்களிலும் இதே கதை, கூடவே மலைப்பாம்பும் இருக்கும். மரத்தில் மாட்டிக்கொண்டால் ஏறாதீர்கள், கிளையை உடைக்காதீர்கள். கெரெங்கா எனும் முசுறு எறும்பின் கூடு இருந்தால் கீழே நிற்பதே வேதனை. மழையும் காற்றும் ஒருநாள் தள்ளிவிடும். அப்படித் தானாக விழுந்ததை எடுக்கிறவர்தான் உங்கள் எண்ணைப் படிக்கப் போகிறார்.

நம் குழுக்களை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு ஆட்ட நாளிலும் கூடைகளோடு ஒரு துணிப்பையும் வரட்டும், கண்டெடுத்த டிஸ்க்குகளுக்கு மட்டும். ஆட்டம் தொடங்கும் முன் அதைத் திறந்து காட்டிவிட்டு ஆடலாம். பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் உட்குழிவைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். துடைத்த தடம் இருந்தால் யாருடையது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காமல் வாருங்கள். அந்த ஆரஞ்சு டிரைவரை நான் வாங்கவில்லை. ஆனால் 4, 7, 1 என்று முடிகிற எண் உங்களுடையது என்றால், கீழ்விளிம்பில் ஒரு பிறை வடிவ வெட்டும் இருந்தது என்றால், என்னிடம் சொல்லுங்கள். அதை விற்க வந்தவரிடம் உங்களோடு நானும் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து உங்களில் ஓர் ஆட்டக்காரர்