தம்பிக்கு, கார்னெத்தி ஓட்டத்துக்கு முன்

அன்புள்ள தம்பி,

கார்னெத்தி ஃபைவ் மலையோட்டப் பந்தயத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குப் பாதி சந்தோஷம், பாதி கவலை. நேரில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"ஆறு மைல்தானே?" என்றாய். அந்த ஆறு மைலுக்குள் 2,500 அடி ஏற்றம் இருக்கிறது. எடின்பரோவுக்குத் தெற்கே பென்ட்லேண்ட் மலைகளில் ஐந்து உச்சிகள்: ஸ்கால்ட் லா, சவுத் பிளாக் ஹில், ஈஸ்ட் கிப், வெஸ்ட் கிப், கடைசியில் கார்னெத்தி. 1303ஆம் ஆண்டு பிப்ரவரியில் பக்கத்து ரோஸ்லினில் ஸ்காட்லாந்துப் படை ஆங்கிலேயப் படையை வென்றது. அந்த நினைவாக 1971இல் தொடங்கிய ஓட்டம் இது. போர் நடந்த மாதத்திலேயே வைப்பதால்தான் இந்தக் குளிர்.

புறப்பட்ட சில நிமிஷத்தில் சேற்றுநிலம் வரும். ஷூவுக்குள் தண்ணீர் போய்விடும். அதைத் தவிர்க்க வளைந்து வளைந்து ஓடாதே, வீண். அப்புறம் ஸ்கால்ட் லா, 579 மீட்டர். அந்தச் செங்குத்தில் பெரும்பாலோர் தொடையில் கையூன்றி நடப்பார்கள். நீயும் நட. இறக்கத்தில் பின்னால் சாயாதே, சாய்ந்தால் வழுக்கிவிடும். சின்னச் சின்ன அடியாக வை. ஹீதர் புதருக்குள் பள்ளம் தெரியாது, பனி மூடியிருந்தால் சுத்தமாகத் தெரியாது.

இனி முக்கியமான விஷயம், பை. மழையும் காற்றும் புகாத ஜாக்கெட், பேன்ட், தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், கொஞ்சம் தின்பண்டம். நான் இதில் ஓடிய முதல் வருஷம் இதையெல்லாம் வீண் சுமை என்றுதான் நினைத்தேன். ஓடும்போது யாருக்கு ஜாக்கெட் வேண்டும்?

வெஸ்ட் கிப்பிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது எனக்குக் கணுக்கால் பிசகியது. உட்கார்ந்தேன். அதுவரை உடம்பே அடுப்பாக இருந்தது, நின்றதும் அணைந்துவிட்டது. வியர்வையில் நனைந்த பனியன்மேல் மலைக்காற்று. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பல் கிட்டிக்கொண்டது. பையிலிருந்து ஜாக்கெட்டை எப்படியோ உருவி மாட்டிக்கொண்டேன், ஆனால் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என் கண்ணெதிரே அதைத் தொடுகின்றன, தொட்டது தெரியவில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

அப்போது பின்னால் வந்த ஒரு பெண்மணி நின்றார். அறுபது வயதிருக்கும். தன் கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, குழந்தைக்குப் போடுவதுபோல என் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டார். தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, ஒரு மிட்டாயை என் வாயில் போட்டார். பள்ளத்தில் ஓட்டக்காரர்களைக் கவனிக்க நின்ற மார்ஷல் என்னிடம் வந்து சேரும்வரை அவர் நகரவில்லை. எத்தனையோ பேர் அவரைக் கடந்து போனார்கள். அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று நான் கார்னெத்தி ஏறவில்லை. மறுவருஷம்தான் ஏறினேன்.

அந்தப் பை ஓடுவதற்கு இல்லை தம்பி, நிற்பதற்கு. உனக்காகவோ வேறொருவருக்காகவோ நீ அங்கே நிற்க வேண்டி வரலாம். அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதே, நில்.

இன்று ராத்திரியே ஒரு வேலை செய். ஜாக்கெட் ஜிப்பின் நுனியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு நாடா கோத்து முடிச்சுப் போடு. கையுறையோடு இழுத்துப் பார். வராவிட்டால் இன்னும் பெரிதாகக் கட்டு.

அன்புடன்,
அக்கா