கிரீஸ் போட முடியாத பேரிங்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ஃபிட்டருக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. குளுவாங்கில் கோப்பி விலை ஏறியதை முதல் பக்கம் முழுக்க எழுதிவிட்டு, சிடி ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் பயப்பட ஒன்றுமில்லை, பழைய தழும்புதான் என்று டாக்டர் சொன்னதை மூன்றாம் பக்கத்துக் கடைசியில் வைத்திருக்கிறாய். எனக்கு அதைத் தேடிப் படிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. உன் புத்தி மாறவே மாறாது.

இங்கே எல்லாரும் நலம். நம் தோட்டத்தில் செம்பனையை மறுபடி வெட்டிச் சாய்த்துக் கன்று நட்டிருக்கிறார்கள். நம் லயம் இருந்த இடம் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சிவப்பு மண். மாரியம்மன் கோயிலும் ஆஸ்பத்திரி டிரெசர் வீட்டு மாமரமும் மட்டும் நிற்கின்றன. போன வாரம் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழைய தோட்ட ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட அன்று அந்தத் தரையில்தான் என்னைக் கிடத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் லோரியில் போட்டு ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒருவர் சொட்டச் சொட்ட ஈரமான ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என் எலும்பை எனக்கே காட்டினார். என் பிழைப்பு அங்கேதான் தீர்மானமாயிற்று என்று நினைக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "அந்த வளையத்துக்குள் படுத்திருந்தபோது மில்லில் டர்பைன் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. உள்ளே என்னடா சுற்றுகிறது, அதற்கு யார் கிரீஸ் போடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் பேராக் முழுக்க வேனில் அலைந்து இந்த மெஷின்களைப் பழுது பார்த்தவன் நான். டாக்டர்கள் படம் தெளிவாக வருமா என்று கேட்பார்கள். ஆபீஸில் எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்பார்கள். கிரீஸைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான், ஏனென்றால் அங்கே கிரீஸ் போடவே முடியாது.

அதற்குள் இரண்டு சுழற்சி நடக்கிறது. நீ கேட்ட இரைச்சல் பெரிய வளையத்தினுடையது. அதில் ஒரு பக்கம் எக்ஸ்ரே டியூப், எதிர்ப்பக்கம் கதிரை வாங்கும் டிடெக்டர். இரண்டும் சேர்ந்து உன்னைச் சுற்றி ஓடுகின்றன. வேகமான மெஷினில் ஒரு சுற்றுக்குக் கால் விநாடிதான். டியூப் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்து நீயே கணக்குப் போட்டுப் பார். அதன் எடையைப்போல் 38 மடங்குக்கு மேல் விசை வரும். அவ்வளவையும் தாங்கிக்கொண்டுதான் டியூப்புக்குள்ளே இன்னொரு தட்டு தனியாகச் சுற்றுகிறது. உனக்குப் பிடிக்கப்போவது அந்தத் தட்டுதான்.

டியூப்புக்குள் காற்றே கிடையாது. ஒரு முனையில் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்து எலெக்ட்ரான்களை விடும். ஒரு லட்சம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்து அவற்றை இழுத்து எதிரில் இருக்கும் தட்டில் மோதவிட்டால் எக்ஸ்ரே கிளம்பும். ஆனால் நாம் கொடுக்கும் சக்தியில் 100-ல் 1 பங்குகூட எக்ஸ்ரே ஆகாது. மீதி 99 பங்கும் வெறும் சூடு. இப்படி ஒரு பாய்லர் உன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்திருப்பாய். மருத்துவ உலகமோ நூறு வருஷத்துக்கு மேலாக அதை வைத்துத்தான் மாரடித்துக்கொண்டிருக்கிறது. கூலிட்ஜ் என்ற அமெரிக்கர் 1913-ல் சூடான இழை வைத்த டியூப்பைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து டியூப்பில் நடந்த பெரிய முன்னேற்றங்களில் பாதிக்குமேல் இந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற தவிப்பிலிருந்து வந்தவைதான்.

ஒரே இடத்தில் அடித்தால் டங்ஸ்டனும் உருகும். அதனால் தட்டைச் சுற்றவிட்டார்கள். அடி வாங்கிய இடம் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வருவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும் அல்லவா? ஃபிலிப்ஸ் கம்பெனி 1929-ல் இப்படிச் சுற்றும் டியூப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யோசனை சுலபம்தான், பேரிங்தான் தலைவலி. எண்ணெயோ கிரீஸோ வைத்தால் அந்தச் சூட்டில் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். வெற்றிடம் கெட்டால் உள்ளே மின்னல் வெட்டும், டியூப் போச்சு. அதனால் எஃகுக் குண்டுகளுக்கு மெல்லிசாக வெள்ளியோ ஈயமோ பூசி, அதையே கிரீஸாக வைத்து ஓட்டினார்கள். நிமிஷத்துக்கு 3,000 சுற்றிலிருந்து 10,000 வரை. நீயாக இருந்தால் எத்தனை நாளுக்கு கேரண்டி கொடுப்பாய்?

பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் தட்டைச் சுற்றவிடுவார்கள். சாதாரண எக்ஸ்ரே அறையில் சுவிட்சைப் பாதி அழுத்தியதும் "ங்ங்ங்..." என்று ஒரு ஓசை ஏறும். அது தட்டு வேகம் பிடிக்கிற ஓசை. முழுக்க அழுத்தினால்தான் படம். கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அந்த ஓசையை வைத்து இந்த டியூப் இன்னும் எத்தனை மாசம் என்று சொல்லிவிடுவேன். நீ ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து பம்ப்புக்கு நாடி பார்ப்பாயே, அதே வித்தைதான்.

இதை எழுதும்போது தாள் பறக்காமல் இருக்க அப்படி ஒரு தட்டைத்தான் மேலே வைத்திருக்கிறேன். தேத்தண்ணிக் கோப்பையின் சாசர் அளவுதான், கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்கும். அடியில் மொலிப்டினம், மேலே டங்ஸ்டனோடு கொஞ்சம் ரேனியம் கலந்த பூச்சு. எலெக்ட்ரான் விழுந்த பாதை விளிம்பையொட்டி வட்டமாக, பித்தவெடிப்பு வந்த குதிகால்போல் சொரசொரவென்று இருக்கிறது. அது வயசால் வருவது, தப்பில்லை. ஆனால் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரே கோடாக ஒரு விரிசல் ஓடுகிறது பார், அது நான் செய்தது.

உன்னிடம்கூட இதை இத்தனை வருஷம் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஆஸ்பத்திரியில் காலையில் கரண்ட் போய் வந்தது, வெளியே வரிசை நிற்கிறது, எல்லாரும் என்னை அவசரப்படுத்துகிறார்கள். குளிர்ந்து கிடக்கும் தட்டைச் சின்னச் சின்ன அளவில் கதிர் விட்டுச் சூடேற்றிய பிறகுதான் பெரிய அளவுக்குப் போக வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் நேராகப் பெரிய அளவில் சோதித்தேன். "டிக்" என்று ஒரு சத்தம், மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினதுபோல. மேல்தோல் ஒரே நொடியில் காய்ந்து விரிய, உள்ளே உலோகம் குளிர்ந்து கிடந்தால் வேறென்ன ஆகும்? அந்த டியூப்பின் விலை என் ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல். என் மேலதிகாரி ஒரு வார்த்தை திட்டவில்லை. டியூப்பை உடைத்துத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "மேசையில் வைத்துக்கொள்" என்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

இப்போது நல்ல சேதி. 1989-ல் ஃபிலிப்ஸ்காரர்கள் குண்டுகளையே தூக்கி எறிந்துவிட்டார்கள். தண்டுக்கும் உறைக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய இடைவெளி விட்டு, அதில் திரவ உலோகத்தை நிரப்பினார்கள். காலியம், இண்டியம், தகரம் மூன்றும் கலந்தது. அறைச் சூட்டிலேயே திரவமாக இருக்கும், வெற்றிடத்தில் ஆவியாகியும் போகாது. தண்டின்மேல் மீன்முள்போல் சாய்வாகக் காடி வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது அந்தக் காடியே திரவத்தை உள்நோக்கித் தள்ளி அழுத்தம் உண்டாக்கும். உலோகமும் உலோகமும் தொடாமல் தண்டு மிதக்கும். தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. காலையில் போட்டால் சாயங்காலம் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமே வராது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. குண்டு பேரிங்கில் உலோகம் தொடுவதே புள்ளி புள்ளியாகத்தான், அந்த வழியாகச் சூடு இறங்காது. தட்டு தணல்போல் ஒளிர்ந்து ஒளிர்ந்துதான் ஆற வேண்டும். திரவ உலோகம் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் சூடு அதன் வழியாகவே தண்டுக்கு இறங்கி, அங்கிருந்து குளிர்விக்கும் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. கிரீஸும் அதுதான், சூடு இறங்கும் குழாயும் அதுதான். இதைக் கேட்டு நீ தொடையில் தட்டுவாய் என்று எனக்குத் தெரியும். ஒரு சங்கடம், காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும், மற்ற பல உலோகங்களையும் மெல்ல அரிக்கும். அதற்குத் தாக்குப்பிடிக்கும் மொலிப்டினத்தில்தான் பேரிங்கைச் செய்ய வேண்டும்.

சீமென்ஸ்காரர்கள் 2003-ல் வேறு பக்கமாக யோசித்தார்கள். தட்டை மட்டும் ஏன் சுற்ற வேண்டும், டியூப் மொத்தத்தையும் எண்ணெய்க்குள் சுற்றவிடுவோமே என்றார்கள். தட்டின் முதுகே டியூப்பின் சுவர், அதை எண்ணெய் நேராகத் தொட்டுக் குளிர்விக்கும். பேரிங் வெற்றிடத்துக்கு வெளியே வந்துவிட்டதால் எண்ணெயே அதற்கு மசகு. அதுவரை எல்லாரும் சூட்டைச் சேர்த்து வைக்கத் தட்டைப் பெரிது பெரிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் சின்னத் தட்டை வைத்து, சூட்டை வந்த வேகத்தில் வெளியே அனுப்பினார்கள். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் மெஷின் ஆறட்டும் என்று காத்திருந்த காலமெல்லாம் போயிற்று.

பெரிய வளையத்துக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்பது உனக்குத் தெரிந்த கதைதான், மோட்டாரில் இருக்கும் அதே வளையமும், அதை உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் பிரஷும். 1980-களின் நடுவரைக்கும் பெரும்பாலான மெஷின்களில் கேபிள்தான். ஒரு சுற்றுச் சுற்றி நின்று, கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் திரும்பிச் சுற்றி வரும். பிரஷ் வந்த பிறகுதான் நிற்காமல் சுற்ற முடிந்தது. மேசையை நகர்த்திக்கொண்டே எடுக்கும் முறை 1989-ல் வந்தது. மூச்சை ஒரு தடவை அடக்கச் சொல்லி உன் மார்பு முழுவதையும் எடுத்துவிட்டார்களே, அந்த பிரஷுக்கு நன்றி சொல்.

டிடெக்டர் கதை பெரியது, இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம். இவ்வளவு காலம் பெரும்பாலான மெஷின்களில் கதிரை முதலில் வெளிச்சமாக மாற்றி, வெளிச்சத்தைத்தான் அளந்தார்கள். இப்போது காட்மியம் டெலுரைடு படிகத்தை வைத்து ஒவ்வொரு கதிர்த் துகளையும் நேராக எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட மெஷினுக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது, தொட்டுப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று தங்கச்சி பயப்படுவதாக எழுதியிருந்தாய். உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவெர்ட் என்ற அளவில் கணக்கிடுவார்கள். மார்பு சிடிக்குப் பொதுவாக 6, 7 மில்லிசீவெர்ட் ஆகும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 வந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்று வருஷத்துக் கணக்கை ஒரே நாளில் வாங்கிவிட்டாய் என்று சொல். காரணத்தோடு எடுத்தது, பரவாயில்லை. மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றால், குறைந்த அளவில் எடுத்தால் போதுமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேள். ஒன்றரை மில்லிசீவெர்ட்டில்கூட நுரையீரலைப் பார்க்க முடிகிறது.

அப்புறம் ஒன்று. இந்த சிடியைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு நம்மைப்போல் பட்டிக்காட்டுப் பையன், இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். 1971 அக்டோபர் 1-ல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார், 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். சின்ன வயசில் தார் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அசிட்டிலின் வாயுவை வைத்து அது எவ்வளவு உயரம் பறக்கும் என்று பார்க்கப்போய், தன்னையே கிட்டத்தட்ட வெடிக்கவைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். நாம் தீபாவளிக்கு மூங்கிலில் கார்பைட் போட்டுத் தண்ணீர் ஊற்றி வெடித்தோமே, அதுவும் அசிட்டிலின்தான்! அவருக்கு நோபல் கிடைத்தது. உனக்குப் புருவம் போனது, தோட்டத்து மண்டோரிடம் எனக்கு உதை கிடைத்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சாதாரண எக்ஸ்ரேயும் எடுத்தால் காதைத் தீட்டி வைத்துக்கொள். படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் "ங்ங்ங்" என்று ஓசை ஏறுகிறதா, சத்தமே இல்லையா என்று கேட்டு எழுது. எந்த பேரிங் என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். தைப்பூசம் முடிந்ததும் மகன் வீட்டுக்கு ஜொகூர் வருகிறேன், வழியில் உன் வீட்டில் இரண்டு நாள் தங்குவேன். தட்டைக் கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லிக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்.

உன்,
எக்ஸ்ரே